உயரமில்லாத நீர்

1

கல்வத்திக் கால்வாயின் ஒரு கரை ஃபோர்ட் கொச்சி, மறுகரை மட்டாஞ்சேரி. வெள்ளையர் காலத்தில் இந்தச் சிறிய நீர்க்கோடுதான் எல்லை. அந்தப் பக்கம் பிரிட்டிஷ் கொச்சி; மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து சென்னை மாகாணத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது. இந்தப் பக்கம் கொச்சி மகாராஜாவின் ராஜ்ஜியம். ஒரு பெரிய வள்ளத்தைக் குறுக்கே திருப்பினால் அணியம் ஒரு நாட்டிலும் அமரம் இன்னொரு நாட்டிலும் இருந்திருக்கும். 1967 நவம்பர் 1 அன்று ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் நகராட்சிகள் ஒன்றாகிக் கொச்சி மாநகராட்சி பிறந்தது. எல்லையாக இருக்கிற வேலைகூட அதற்குப் பிறகு இந்தக் கால்வாய்க்கு இல்லை.

இன்று வற்றுநேரத்தில் இதன் கரையில் நடப்பவர் பார்ப்பது கறுத்த சேறு, சேற்றில் பாதி புதைந்த பிளாஸ்டிக், சுவர்களிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கழிவுக் குழாய்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடலாம். எனக்கு அப்படிக் கடக்க மனம் வருவதில்லை. இந்த நீர் என்ன வேலை பார்த்தது, அந்த வேலையை யார் நிறுத்தினார்கள் என்று கேட்டுக்கொண்டே நடக்கிறேன். இந்தக் குறிப்புகள் அந்தக் கேள்வியைச் சுற்றியவை.

2

கால்வாயால் வளர்ந்த தொழில்நகரம் என்றால் உலகம் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று அமெரிக்காவின் லோவெல். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெர்ரிமாக் ஆறு பாட்டக்கெட் அருவியாகச் சுமார் 30 அடி இறங்கும் இடம். அந்த அருவியைத் தவிர்த்து மரக்கட்டைகளையும் படகுகளையும் இறக்குவதற்காக 1796இல் ஒரு கால்வாய் திறந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து பாஸ்டன் முதலாளிகள் சிலர் அதே கால்வாயை வேறு கண்ணால் பார்த்தார்கள். படகு இறங்குகிற உயரத்தில் சக்கரமும் சுழலுமே! 1823இல் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. பிறகு கிளைக் கால்வாய்கள், மதகுகள், கரை நெடுக ஐந்தாறு மாடி ஆலைகள். பஞ்சு உள்ளே போய்த் துணியாக வெளியே வந்தது.

அங்கே நீரை அளந்து விற்றார்கள். நொடிக்கு 25 கன அடி நீர் 30 அடி இறங்கினால் அது ஓர் அலகு. 3,584 கதிர்களையும் அவற்றுக்குரிய தறிகளையும் ஓட்ட அது போதும் என்பது கணக்கு. ஆறு இப்படிக் கதிர் எண்ணிக்கையாக மாறிய தருணத்தைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அதில் மனித அறிவின் பெருமையும் இருக்கிறது, ஒரு பேராசையின் தொடக்கமும் இருக்கிறது.

கால்வாய்களைக் கவனித்துக்கொண்ட பொறியாளர் ஜேம்ஸ் பிரான்சிஸ், வெள்ளம் வந்தால் ஊரைக் காக்க 1850இல் ஒரு பிரம்மாண்டமான மரக் கதவைத் தொங்கவிட்டார். ஊர் அதை வீண்செலவு என்றது. 1852இல் ஆறு பெருகியபோது அந்தக் கதவை இறக்கித்தான் லோவெல் பிழைத்தது. 1936 வெள்ளத்திலும் அதே கதவு இறங்கியது. இன்று உலகெங்கும் அணைகளில் சுழலும் டர்பைன்களில் ஒரு பெருவகை அவர் பெயரைத்தான் தாங்குகிறது.

3

நம் பக்கத்தில் இதற்கு நேர் உறவு தாமிரபரணியில் இருக்கிறது. பாபநாசத்தில் ஆறு மலையிலிருந்து இறங்கிச் சமவெளியைத் தொடுகிறது. ஆண்ட்ரூ ஹார்வியும் ஃபிராங்க் ஹார்வியும் 1880களில் அந்த இறக்கத்தைக் கண்டு, விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை எழுப்பினார்கள். ஆற்றிலிருந்து நீரைத் திருப்பி ஆலைக்குள் விழவிட்டு, அதன் வேகத்தில் கதிர்களைச் சுழற்றினார்கள். நெல்லைச் சீமையின் கரிசல் பஞ்சு, பொதிகை மலைத் தண்ணீரின் விசையில் நூலானது. அந்தக் குடும்பத்து ஆலைகள் தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் பரவின. 1908 பிப்ரவரியில் வ.உ.சி. முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் அவர்களுடைய தூத்துக்குடிக் கோரல் ஆலையில்தான்.

பாபநாசத்து நீரை நினைக்கும்போது எனக்குப் பிடிபட்ட ஓர் உண்மை உண்டு. ஆலையின் சக்கரத்தைச் சுழற்றிய நீர் ஆற்றுக்கே திரும்பிவிடுகிறது. அது இழந்தது உயரத்தை மட்டும்தான். கீழே காத்திருக்கும் அம்பாசமுத்திரத்து வயல்களுக்கு வேண்டியது உயரம் இல்லை, ஈரம். வயல் நீரைக் குடித்துத் தீர்க்கிறது. ஆலை அதன் வீழ்ச்சியைத் தின்கிறது. படகோ இரண்டையும் தொடாமல் நீரின் முதுகில் ஏறிக்கொள்கிறது. ஒரே நீரிடம் மனிதர்கள் மூன்று விதமாக வேலை வாங்குகிறார்கள்.

4

மட்டாஞ்சேரியில் உயரம் கிடையாது. தரை கடலோடு ஏறக்குறைய ஒரே மட்டம். கல்வத்தி, ராமேஸ்வரம், பண்டாரச்சிற, மந்த்ரா, பஷ்ணித்தோடு என்று மேற்குக் கொச்சியைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுகிற கால்வாய்களில் ஒன்றிலும் சக்கரம் சுழற்றுகிற வீழ்ச்சி இல்லை. லோவெலும் பாபநாசமும் இங்கே வந்திருக்க முடியாது.

ஆனால் கடல் இருக்கிறது. நாளுக்கு இரண்டு தடவை ஏறுகிறது, இரண்டு தடவை இறங்குகிறது. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் ஒரு மீட்டர்கூட வராது. அந்த ஒரு மீட்டருக்குள்தான் இந்த ஊரின் வணிகம் முழுவதும் நடந்தது. ஏற்றம் உள்ளே தள்ளும்போது சரக்கு வள்ளம் உள்ளே வரும். இறக்கம் வெளியே இழுக்கும்போது வெளியேறும். மீதியைக் கழி ஊன்றுகிறவனின் தோள் பார்த்துக்கொள்ளும். கரியும் வேண்டாம், சக்கரமும் வேண்டாம். நிலவின் இழுப்பை நேர அட்டவணையாக வைத்துக்கொண்டு ஒரு துறைமுகம் பிழைத்தது.

1341இல் பெரியாறு பெருகிப் பழைய முசிறித் துறையை மண்ணால் மூடிக் கொச்சி முகத்தைத் திறந்தது என்பது இங்குள்ள வரலாற்று நினைவு. ஆறு கொடுத்த வாயைக் கடலின் மூச்சு உயிரோடு வைத்திருந்தது.

பஜார் ரோட்டின் பண்டகசாலைகளைப் பாருங்கள். தெருப்பக்கம் ஒரு வாசல், காயல்பக்கம் ஒரு வாசல். நடுவில் இஞ்சியும் மிளகும் காயும் முற்றம். தெருவாசல் கணக்கப்பிள்ளைக்கும் தரகருக்கும். சரக்குக்கு உண்மையான வாசல் பின்னால் நீரில் இருந்தது. இன்று நாம் நிற்பது அந்தக் கட்டடங்களின் முன்புறம் என்று நினைக்கிறோம். கட்டியவர்கள் கணக்கில் நாம் கொல்லைப்புறத்தில் நிற்கிறோம்.

5

கொச்சியின் நீர் நூல் நூற்றதில்லை என்று சொல்லிவிட முடியுமா? இந்தக் கேள்வியில் கொஞ்சம் நேரம் உட்கார வேண்டும்.

தேங்காய் மட்டையைக் காயலில் ஊறப்போடுகிறார்கள். வலையில் கட்டி, மேலே சேறும் கல்லும் ஏற்றி, உப்பும் நன்னீரும் கலந்த ஆழமில்லாத நீரில் ஆறு மாதம், பத்து மாதம் கிடத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நாரையும் சோற்றையும் பிணைத்த பசையைத் தின்கின்றன. ஏற்ற இறக்கம் வந்து வந்து அந்தக் கசட்டைக் கழுவிக்கொண்டு போகிறது. பிறகு மட்டையை எடுத்து, தோலுரித்து, மரத்தடியால் அடித்தால் பொன்னிறத் தும்பு பிரியும். ராட்டில் அதை முறுக்கினால் கயிறு. ஊறாத மட்டையை இயந்திரத்தில் உரித்தால் கிடைப்பது முரட்டுத் தும்பு. ஊறியதன் மென்மையும் நிறமும் அதற்கு வராது.

அப்படியானால் இங்கே நீர் ஆலைக்கு வெளியே நின்று சக்கரத்தைத் தள்ளவில்லை. நீரே ஆலையாக இருந்திருக்கிறது. அதன் இயந்திரம் நுண்ணுயிர், அதன் விசை கடலேற்றம், அதன் வேகம் மாதக்கணக்கு. லோவெலில் நீர் அவசரத்தைக் கொடுத்தது. இங்கே நீர் பொறுமையைக் கேட்டது.

கயிற்றுக்கு ஊர்ப்பெயர்தான் சந்தைப்பெயர். அஞ்சுதெங்கு, வைக்கம், பேப்பூர் என்று நூலின் முறுக்கையும் நிறத்தையும் வைத்து ரகம் பிரித்தார்கள். அந்தந்த ஊர்க் காயலின் குணம் கயிற்றில் தங்கிவிடுகிறது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் அவை வள்ளங்களில் ஆலப்புழைக்கும் கொச்சிக்கும் வந்தன. ஆலப்புழையில் ஜேம்ஸ் டாரா 1859இல் முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அந்த ஊரின் வணிகக் கால்வாயும் வாடைக் கால்வாயும் தறிக்கூடங்களின் வாசல்வரை கயிறு கொண்டுவந்தன. கொச்சியில் வால்கார்ட் சகோதரர்கள், பியர்ஸ் லெஸ்லி, ஆஸ்பின்வால் போன்ற கம்பெனிகள் கயிற்றைச் சிப்பமாக அழுத்திக் கப்பலேற்றின. ஐரோப்பிய வீடுகளின் வாசலில் கால் துடைத்த மிதியடிகளில் பல இந்த நீரில் பிறந்தவை.

சரக்கு ஏற்றிவந்த கெட்டுவள்ளமும் கயிற்றால் கட்டப்பட்டது. பலகையோடு பலகையை வைத்து, துளையிட்டு, கயிறு கோத்துத் தைப்பார்கள். ஆணி கிடையாது. கயிற்றால் தைத்த படகு கயிற்றைச் சுமந்து, கயிறு பிறந்த நீரில் போனது.

இதை அழகாக மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் பொய்யாகிவிடும். மட்டை அழுகும் நீரில் அழுகிய முட்டை நாற்றம் எழும். பிராணவாயு குறைந்து மீன் ஒதுங்கும். இடுப்பளவு அந்த நீரில் நின்று மட்டை எடுத்தவர்களும், கரையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தடி பிடித்து அடித்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். நீர் பொறுமையைக் கேட்டது என்று எழுதினேன். அந்தப் பொறுமையின் விலையைக் கொடுத்தது அவர்களுடைய கை.

6

எந்த ஊரிலும் நீர் தனியாக வேலை செய்ததில்லை.

லோவெலின் தறிகளை ஓட்டியவர்கள் பண்ணை வீடுகளிலிருந்து வந்த இளம்பெண்கள். மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் படுத்தார்கள். கூலியைக் குறைத்தபோது 1834இலும், விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோது 1836இலும் தறியை விட்டு வெளியே வந்தார்கள். அவர்கள் நெய்த பஞ்சைத் தெற்கில் அடிமைகள் பறித்தார்கள். மெர்ரிமாக்கின் தெளிந்த நீர் அந்தச் சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணி.

மட்டாஞ்சேரியின் சங்கிலிக்கு ‘சாப்பா’ என்று பெயர். 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சித் துறையின் வாயில் குறுக்கே கிடந்த மணல்திட்டை வெட்டினார். 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணில் வெலிங்டன் தீவு எழுந்தது. கப்பல் உள்ளே வந்துவிட்டது. சுமை இறக்குகிறவர்கள் வாசலிலேயே நின்றார்கள். காலையில் கூடுகிற கூட்டத்தின் மேல் கங்காணி சாப்பா என்ற உலோகத் தகடுகளை வீசி எறிவான். தகடு கிடைத்தவனுக்கு அன்று வேலை. கிடைக்காதவன் வீட்டில் அடுப்பு இல்லை. பசித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து தகட்டுக்குப் போராடினார்கள். அந்த முறையை எதிர்த்த தொழிலாளர்கள் மேல் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைதும் சைதலவியும் துப்பாக்கிக்குப் பலியானார்கள். காவலில் பட்ட அடியால் ஆன்டனி பிறகு இறந்தார்.

நீர்வழியின் வரலாறு எழுதுகிறவர்கள் பொறியாளர் பெயரையும் கம்பெனி பெயரையும் எழுதுகிறார்கள். இந்த மூன்று பெயர்களும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

7

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் ஒரு சலவைக்கூடம் இருக்கிறது. ஊர் அதை தோபிக்கானா என்கிறது. உள்ளே நுழைந்தால் காதில் விழுவது தமிழ். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ் நாட்டிலிருந்து இவர்களுடைய முன்னோரை அழைத்துவந்தார்கள் என்பது தலைமுறைகளாக இங்கே சொல்லப்படும் கதை. டச்சுக்காரர் போனார், ஆங்கிலேயர் வந்து போனார், வெளுப்பவர்கள் இருந்தார்கள். முன்பு ஊர்க்குளங்களில் வெளுத்தவர்களுக்கு 1970களில் கொச்சி வளர்ச்சி ஆணையம் இந்தக் கூடத்தைக் கட்டிக்கொடுத்தது.

ஆளுக்கொரு தொட்டி, ஆளுக்கொரு துவைகல். அரிசிக் கஞ்சி போட்ட துணியைத் திறந்த வெளியில் கயிற்றில் உலர்த்துகிறார்கள். கிளிப் கிடையாது. இரண்டு புரியாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகுகிறார்கள். கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் துணி நழுவாது. இரண்டு புரிகளின் முறுக்கே பிடியாகிவிடுகிறது.

இந்த ஊரின் நீரும் துணியும் கயிறும் இன்னும் கைகோத்து நிற்கிற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. இங்கே நூற்கவில்லை, நெய்யவில்லை. ஆனாலும் துணி தன் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நீரிடம் வர வேண்டியிருக்கிறது. ஆலை துணிக்கு ஒருமுறைதான் பிறப்பைத் தருகிறது. வெளுப்பவர் அதற்கு வாராவாரம் புதுப்பிறப்பைத் தருகிறார். ஆலை முதலாளிக்கு ஊரில் சிலை இருக்கும். வெளுப்பவருக்கு முழங்கையில் நரம்பு வலி இருக்கும். வாஷிங் மெஷின் வந்த பிறகு இளையவர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குளிர்ந்த நீரில் காலம் முழுக்க நின்றவர்கள் தம் பிள்ளைகள் நிற்க வேண்டாம் என்று விரும்புவது நியாயம்.

8

கால்வாயின் வேலை எப்படி நின்றது?

ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் லாரி வந்தது. வள்ளம் ஏற்றத்துக்குக் காத்திருந்தது, லாரி காத்திருக்கவில்லை. லாரிக்காகப் பாலங்களைத் தாழ்வாகக் கட்டினார்கள். தாழ்ந்த பாலத்தின் கீழே வள்ளம் நுழையவில்லை. வள்ளம் வராத கால்வாயைத் தூர்வாரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தூர் ஏறிய நீரில் ஏற்றமும் இறக்கமும் பலவீனமாயின. ஓடாத நீரில் குப்பை போட யாருக்கும் கூச்சமில்லை. சாக்கடை வசதி இல்லாத வீடுகளின் கழிவுக்கு வேறு வழியும் இல்லை. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியால் நியாயமாகத் தெரிந்தது. இறுதியில் கிடைத்தது யாரும் திட்டமிடாத ஒரு சாவு.

தேங்கிய நீர் சும்மா இருப்பதில்லை. யானைக்கால் நோய்க்கு ஆங்கில மருத்துவ உலகில் ஒரு காலத்தில் கொச்சிக்கால் என்றே பெயர். அழுக்குத் தண்ணீரில் பெருகும் கொசுவால் பரவும் அந்த நோய்க்கு இந்தக் கரை முகவரியாகிப் போனது. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மேற்குக் கொச்சியின் தாழ்ந்த பகுதிகளில் நவம்பர் முதல் சில மாதங்கள் மழையே இல்லாமல் வீட்டுக்குள் உப்புநீர் ஏறுகிறது. வேலியேற்றம் என்கிறார்கள். சுவரின் அடியை உப்பு அரிக்கிறது, சமையலறையில் கணுக்கால் நனைகிறது. கடல் பழையபடி தன் நேரத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை வாங்கிப் பரப்பித் திருப்பி அனுப்பிய கால்வாய்கள்தான் அடைபட்டுக் கிடக்கின்றன.

9

வேலையை இழந்த நீர்வழிக்கு வேறு வேலை கிடைப்பதும் உண்டு. லோவெலின் முதல் கால்வாய் படகுக்காகப் பிறந்து ஆலைக்கு உழைத்தது. ஆலைகள் மூடியபின் 1978இல் அந்த இடம் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. மூன்று பிழைப்பு பார்த்த கால்வாய் அது.

கேரளத்திலும் உதாரணம் இருக்கிறது. கொல்லத்திலிருந்து கோட்டப்புறம் வரையிலான நீர்வழியை, சம்பக்கரை, உத்யோகமண்டல் கால்வாய்களோடு சேர்த்து, 1993இல் தேசிய நீர்வழி 3 என்று அறிவித்தார்கள். அந்த இரண்டு கால்வாய்களும் தொழிற்சாலைச் சரக்குப் படகுகளுக்கான வழிகள். சரக்குப் படகு போகும் கால்வாயை யாரும் சுலபத்தில் தூர்க்க முடியாது. கேட்க ஆள் இருக்கிறது. 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்படகுகள் ஓடத் தொடங்கின. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் முனையம் திறந்தது. காயலுக்கு அன்றாட வேலை திரும்பிவிட்டது. ஆனால் காயலிலிருந்து ஊருக்குள் பிரிகிற சின்னக் கால்வாய்களுக்கு இன்னும் வரவில்லை.

வாட்டர் மெட்ரோ அகலமான நீரைக் காப்பாற்றும். கல்வத்தியையும் பண்டாரச்சிறவையும் காப்பாற்ற வேண்டியது கரையில் குடியிருப்பவர்களின் தேவை. கழிவுக் குழாய்களை நீரிலிருந்து பிரித்துத் தனியாகக் கொண்டுபோக வேண்டும். இது முதல் வேலை, இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் பூச்சு. இரண்டு முனைகளிலும் கடலேற்றம் தடையில்லாமல் நுழைந்து வெளியேற வேண்டும். புதிதாகக் கட்டுகிற ஒவ்வொரு பாலமும் ஒரு சிறுபடகு நுழையும் உயரத்துக்காவது எழ வேண்டும். பிறகு மீன்காரருக்கோ பள்ளிப் பிள்ளைக்கோ கடைச் சரக்குக்கோ அந்த வழி நடைமுறையில் பயன்பட வேண்டும்.

சுற்றுச்சுவரும் நடைபாதையும் அலங்கார விளக்கும் போட்டுக் கால்வாயை மீட்டுவிட்டோம் என்று சொல்கிறார்கள். பார்த்து ரசிக்கிறவர் நாற்றம் வந்தால் வேறு பக்கம் போய்விடுவார். அந்த நீரை நம்பி நாளை நடத்துகிறவர்தான் அதிகாரியின் கதவைத் தட்டுவார். பிரான்சிஸின் மரக் கதவு அத்தனை ஆண்டுகள் பழுதில்லாமல் இருந்ததற்குக் காரணம், அதன் பின்னால் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கூலி இருந்தது. மட்டாஞ்சேரிக் கால்வாய்களின் பின்னாலும் அப்படி ஒரு தேவை நின்றாக வேண்டும். அதுவும் பழைய காலத்தைப் போல வேலை செய்பவர்களைத் தகட்டுக்காக அடித்துக்கொள்ள விடாத, மட்டை நீரில் பெண்களை நாள் முழுக்க நிறுத்தாத தேவையாக இருக்க வேண்டும். நீருக்கு வேலை கொடுப்பதும் மனிதருக்கு மரியாதை கொடுப்பதும் ஒன்றாக நடந்த ஊர் என்று மட்டாஞ்சேரி பெயர் வாங்க முடியும். கடல் தன் பங்குக்கு நாளுக்கு இரண்டு முறை வருகிறது. நம் பங்கு பாக்கி இருக்கிறது.